சுவர் துடைத்த மாவு பொம்மை மாவான கதை தெரியுமா?

நாளை காலை கற்பித்தல் பயிற்சி. இரண்டாம் வகுப்பு. பாடக்குறிப்பு எழுதி முடித்தாயிற்று. சார்ட்டு, கத்திரி, ஸ்கெட்ச் பேனா, ஜிகினாத்தாள் எல்லாம் பைக்குள் போயாயிற்று. ஆனாலும் தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்கிற தங்கைக்கும் தம்பிக்கும் தூக்கம் வரவில்லை. கடைசிப் பாடவேளையில் கைவேலை வைக்க வேண்டும். என்ன வைப்பது? செலவில்லாததாக, முப்பது பிள்ளைகளும் அழாமல் செய்யக்கூடியதாக, பார்த்ததும் "ஹை!" என்று துள்ளக்கூடியதாக ஒன்று வேண்டுமே!

கொஞ்ச நேரம் பையை மூடி வையுங்கள். குழந்தைகள் கையில் இன்று புரளும் களிமண், மெழுகு வண்ணம், விரல் வண்ணம், மடிக்கும் தாள் ஆகியவற்றின் கதையைத் தோண்டிப் பார்த்தால் அங்கே விஞ்ஞானியோ பெரும் ஓவியரோ நிற்பது குறைவு. உங்களைப் போல ஒரு வகுப்பறையில் நின்ற ஆசிரியர்தான் பெரும்பாலும் நிற்கிறார் என்பது தெரியுமா?

வண்ண வண்ண டப்பாக்களில் விற்கிறதே 'ப்ளே-டோ', அந்தப் பிசைமாவு முதலில் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டதே இல்லை! அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு சோப்புக் கம்பெனி அதைச் சுவர் துடைக்கச் செய்தது. வீட்டைச் சூடாக்க நிலக்கரி எரித்த காலம் அது. சுவரில் ஒட்டிய அலங்காரத் தாளில் கரி படியும். ஈரத்துணியால் துடைத்தால் தாள் பாழாகும். அதனால் இந்த மாவை உருட்டிக் கரியை ஒற்றி எடுப்பார்கள். பிறகு எரிவாயு வந்தது, கரி போனது, மாவை வாங்க ஆளில்லை. கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தபோது அதை நடத்திய குடும்பத்துக்கு உறவினரான கே சூஃபால் என்ற நர்சரிப் பள்ளி ஆசிரியை அந்த மாவைத் தன் வகுப்புக்குக் கொண்டுபோனார். பிள்ளைகள் உருட்டினார்கள், தட்டினார்கள், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட அலங்காரங்கள் செய்தார்கள். பிஞ்சுக் கைகளுக்கு வழக்கமான களிமண் கெட்டி, இந்த மாவோ வெண்ணெய் போல இணங்கியது! 1956இல் அது விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது. பெயர் சூட்டியதும் அந்த ஆசிரியையும் அவர் கணவரும்தான்.

டப்பா வாங்கக் காசு வேண்டாம். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு கரண்டி எண்ணெய். நிறத்துக்கு மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு. பிசைந்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனால் வகுப்பு முழுக்க யானையும் பிள்ளையாரும் பிறந்துவிடுவார்கள்.

அதற்கும் முந்தைய கதை இங்கிலாந்தின் பாத் நகரத்தில் நடந்தது. வில்லியம் ஹார்பட் என்ற ஓவிய ஆசிரியருக்கு ஒரே கவலை. மாணவர்கள் சிலை வனைந்துகொண்டிருக்கும்போதே களிமண் காய்ந்து வெடித்துவிடுகிறது. காயாத மண் ஒன்று இருந்தால்? எதையெதையோ சேர்த்துக் கலந்து கலந்து பார்த்து, 1897இல் 'பிளாஸ்டிசின்' செய்துவிட்டார். நம் பிள்ளைகள் பச்சை, சிவப்பு, நீலம் என்று பட்டை பட்டையாக வாங்கிக் கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பழுப்பு உருண்டையாக்குகிறார்களே, அந்த மண்ணுக்கு முன்னோடி இதுதான்.

விரல் வண்ணம் பிறந்தது எங்கே தெரியுமா? குளியலறையில்! 1920களில் இத்தாலியின் ரோம் நகரில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார் ரூத் ஃபேசன் ஷா என்ற அமெரிக்க ஆசிரியை. விரலில் காயம் பட்ட ஒரு பையனை, போய் அயோடின் தடவிக்கொண்டு வா என்று அனுப்பினார். நெடுநேரமாகியும் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால், பையன் அயோடினை விரலால் தொட்டுத் தொட்டுக் குளியலறையில் தேய்த்து, உலகம் மறந்து நிற்கிறான். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? காதைத் திருகியிருப்போம். அவரோ, குழந்தைக்குத் தூரிகையைவிட விரல்தானே நெருக்கம் என்று அங்கேயே நின்று யோசித்தார். தொட்டாலும் வாயில் பட்டாலும் கெடுதல் செய்யாத வண்ணத்தை உருவாக்கினார். நம் ஊரில் மைதாப் பசை காய்ச்சி ஆறவைத்து, சமையலுக்குப் போடும் கலர்ப்பொடியைக் கலந்தால் விரல் வண்ணம் தயார். சீருடையைக் காப்பாற்ற அப்பாவின் பழைய சட்டையை முன்பின்னாகப் போட்டுவிடுங்கள், போதும்.

எனக்கு இந்தக் கதைகளிலெல்லாம் மிகப் பிடித்தது இந்த அயோடின் கதைதான். குளியலறையைக் கெடுத்த குற்றம் ஒரு கணத்தில் கண்டுபிடிப்பாக மாறிவிட்டது. மாற்றியது ஒரு ஆசிரியையின் பார்வை.

மெழுகு வண்ணத்திலும் ஒரு ஆசிரியை இருக்கிறார். அமெரிக்காவில் பின்னி அண்ட் ஸ்மித் கம்பெனி 1903இல் 8 நிறக் குச்சிகளை ஒரு பெட்டியில் வைத்து 5 சென்ட்டுக்கு விற்றது. அதற்கு 'கிரயோலா' என்று பெயர் தந்தவர், முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்த ஆலிஸ் பின்னி. பிரெஞ்சு மொழியில் சுண்ணக்கட்டிக்கான சொல்லையும் எண்ணெய்த்தன்மையைக் குறிக்கும் சொல்லையும் இணைத்தார்!

சரி, காசே செலவில்லாத பொருளுக்கு வருவோம். ஒரு சதுரத் தாள். அதற்கும் நம் சென்னைக்கும் உள்ள தொடர்பு தெரியுமா? 1837இல் ஜெர்மனியில், பிற்காலத்தில் கிண்டர்கார்டன் என்று உலகமே அழைத்த குழந்தைப் பள்ளியைத் தொடங்கியவர் ஃபிரெட்ரிக் ஃப்ரோபல். அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த விளையாட்டுப் பொருள்களில் மரக்கட்டைகள் உண்டு, நூல்பந்துகள் உண்டு, காகித மடிப்பும் உண்டு. அந்தக் காகிதக் கட்டு கடல் தாண்டி மதராஸ் மாகாணத்துக்கு வந்தது. டி. சுந்தர ராவ் என்ற டெபுடி கலெக்டரின் கண்ணில் பட்டது. அலுவலக வேலை பார்க்கிற மனிதருக்குக் குழந்தை விளையாட்டில் என்ன வேலை? அவர் மடித்தார், மடித்தார், மடித்துக்கொண்டே இருந்தார்! காம்பஸ் இல்லை, அளவுகோல் இல்லை. வெறும் மடிப்பாலேயே சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் என்று வடிவியலையே விரித்துக் காட்டி, 1893இல் மதராஸில் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டார். ஜெர்மனியின் மாபெரும் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் அதைத் தம் நூலில் குறிப்பிட்டார். 1901இல் அமெரிக்காவில் அதற்குத் தனிப் பதிப்பே வந்தது. காகிதக் கப்பலையும் கத்திக்கப்பலையும் மடிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்? ஆசிரியர் பயிற்சிப் பாடத்திலாவது இவர் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது என் தீராத ஆசை.

மடிப்பு விண்வெளிக்கே போயிருக்கிறது! ஜப்பானிய விஞ்ஞானி கோரியோ மியுரா கண்டுபிடித்த மடிப்பு முறையில் சூரியத் தகட்டைச் சுருக்கி, 1995இல் விண்ணுக்கு அனுப்பி, அங்கே விரித்தார்கள். இரண்டு எதிர்மூலைகளைப் பிடித்து இழுத்தால் முழுத்தாளும் ஒரே இழுப்பில் விரியும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொறுமையாக உட்கார்ந்தால் அவர்களாலும் மடிக்க முடியும்.

அடுத்தது அடுப்பங்கரை. இங்கேதான் மந்திரமே இருக்கிறது!

மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத்தாளில் பூசிக் காயவிடுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு அந்தத் தாளில் வரையச் சொல்லுங்கள். தொட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பு! மேலே எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் சிவப்பு ஓடிவிடும், மஞ்சள் திரும்பிவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் பழைய நிறத்துக்கு வரும். கல்யாண வீட்டில் மஞ்சள்நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் ஆலம் சிவக்கிறதே, அதே வித்தைதான். பல குழந்தைகள் அதை வீட்டில் பார்த்திருப்பார்கள். "ஆரத்தித் தட்டு, மிஸ்!" என்று ஒரு குரல் எழும்பும் பாருங்கள், அன்றைக்கு உங்கள் வகுப்பு வென்றுவிட்டது. (சுண்ணாம்பை மட்டும் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சோப்புத் தண்ணீர் போதும்.) இன்னொன்று: மஞ்சள் வெயிலில் வெளிறிவிடும். ஒரு படத்தை ஜன்னலில் ஒட்டி, இன்னொன்றை நோட்டுக்குள் வைத்து, ஒரு வாரம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிவப்புச் செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் என்ன நிறம் வரும்? சிவப்பு என்றுதானே நினைக்கிறீர்கள்! ஊதா வரும். அதன்மேல் எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பு, சோப்புநீர் பட்டால் பச்சை. ஒரு பூ, நான்கு நிறம். வேலியில் படரும் சங்குப்பூவின் நீலமும் எலுமிச்சை பட்டதும் ஊதாவாகும்.

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தொட்டு ஒற்றினால் நட்சத்திரப் பூ. வாழைமட்டையை நறுக்கி ஒற்றினால் தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக அச்சு விழும். வாழைக்குத் 'தண்டு' என்று வெளியே தெரிவது உண்மையில் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய இலையுறைகள்தான் என்பதை மட்டையை உரிக்கும்போதே காட்டிவிடலாம்.

வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகுவத்தியால் ஒரு படம். யார் கண்ணுக்கும் தெரியாது. மேலே நீர்வண்ணத்தை ஓடவிடுங்கள். மெழுகு உள்ள இடத்தில் தண்ணீர் ஒட்டாது, படம் குபீரென்று எழும்பும். இந்தோனேசியாவின் பாத்திக் துணிக்கும் அடிப்படை இதே மெழுகுதான். யுனெஸ்கோ 2009இல் உலகின் பண்பாட்டுச் செல்வமாக அதை ஏற்றுக்கொண்டது.

ஒரு இலையைத் தாளுக்கு அடியில் வைத்து, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்து மேலே தேய்த்தால் நரம்பெல்லாம் எழும்புகிறதே! கல்வெட்டு ஆய்வாளர்கள் கோயில் சுவரில் செய்வதும் இதற்கு அண்ணன் முறையான வேலைதான். ஈரத்தாளைக் கல்லில் பதித்துத் தட்டி, மேலே மையை ஒற்றுவார்கள். பள்ளமான எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் விழும். அதற்கு மைப்படி என்று பெயர். பிள்ளைகள் ஐந்து ரூபாய் நாணயத்தைத் தேய்த்துப் படியெடுக்கும்போது இந்தச் சொல்லையும் சொல்லிக்கொடுங்கள். ஆயிரம் ஆண்டு முந்தைய எழுத்தை வாசிக்கும் தொழிலின் முதல் படியில் அவர்கள் ஏறியிருப்பார்கள்.

வாசலில் இருக்கிற கோலத்தை விட்டுவிட முடியுமா? 1, 3, 5, 3, 1 என்று நேர்ப்புள்ளி வையுங்கள். எண்ணினால் 13. இப்போது ஒரு புள்ளி சிவப்பு, பக்கத்துப் புள்ளி மஞ்சள் என்று மாற்றி மாற்றி நிறம் தீட்டச் சொல்லுங்கள். 9 புள்ளி ஒரு நிறம், 4 புள்ளி இன்னொரு நிறம்! தலையைச் சாய்த்துப் பார்த்தால் மூன்றுக்கு மூன்று சதுரம் ஒன்று, இரண்டுக்கு இரண்டு சதுரம் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கும். 7 புள்ளி வரை போனால் மொத்தம் 25. பிரித்தால் 16, 9. இந்த வகைப் புள்ளிக்கோலம் எவ்வளவு பெரிதானாலும் இப்படியே இரண்டு சதுரமாகப் பிரியும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். பாட்டியின் விரலிடுக்கில் வழிந்த மாவில் கணினிக்கான இலக்கணம்!

பொருள்களைச் சொல்லியாயிற்று. அந்தப் பொருளைப் பிடிக்கிற கை இருக்கிறதே, அதன் அதிசயம் இதைவிடப் பெரிது.

மூன்று, நான்கு வயதுக் குழந்தையிடம் ஒரு ஆளை வரையச் சொல்லுங்கள். ஒரு வட்டம், அதிலிருந்தே இரண்டு கால். உடம்பைக் காணோம்! எந்த நாட்டுக் குழந்தையானாலும் இந்தத் தலைப்பிரட்டை மனிதன் பெரும்பாலும் வந்துவிடுவான். சான்ஃபிரான்சிஸ்கோவில் நர்சரிப் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் பல நாடுகளிலிருந்து பத்து லட்சம் அளவுக்குக் குழந்தைப் படங்களைச் சேர்த்தார். கிறுக்கல்களை மட்டுமே 20 அடிப்படை வகையாகப் பிரித்து, 1969இல் நூலாக்கினார். நாம் 'கிறுக்கல்' என்று கசக்கிப் போடுவதை ஒரு ஆசிரியை அரிச்சுவடியாகப் படித்திருக்கிறார்!

இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளை வீடு வரையும்போது சுவரைத் தாண்டி உள்ளே இருக்கிற கட்டில், அடுப்பு, தாத்தா எல்லாம் தெரியும். அம்மா வயிற்றுக்குள் பாப்பா தெரியும். தவறு என்று திருத்திவிடாதீர்கள். குழந்தை கண்ணால் பார்ப்பதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. முக்கியமானது பெரிதாக வரும். நாய் கடிக்க வந்த மறுநாள் வரைந்த படத்தில் நாய் வீட்டைவிடப் பெரிதாக நின்றால் வியப்பேது?

நம் பள்ளிச் சுவர்களைப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு தென்னை, ஒரு ஓட்டுவீடு. மலையே இல்லாத ஊரிலும் அதே மலை! யாரோ ஒருமுறை கரும்பலகையில் வரைந்து "இதைப் பார்த்து வரை" என்றார்கள். குழந்தைக்கு ஊரில் தெரிவது பம்புசெட்டும், செல்போன் கோபுரமும், ஆட்டுப்பட்டியும், ரேஷன் கடை வரிசையும். அதெல்லாம் தாளுக்கு வராமலே போய்விட்டது. டி.எல்.எம். (கற்பித்தல் துணைக்கருவி) அழகாக இருக்க வேண்டும், செய்முறைப் பதிவேட்டில் மதிப்பெண் விழ வேண்டும் என்ற அவசரத்தில், அச்செடுத்தது போல முப்பது கிளிகளை ஒட்டவைக்கும் ஆசை உங்களுக்கும் வரும். வேண்டாம். முப்பதும் ஒன்றாக இருந்தால் வரைந்தது நீங்கள், பிள்ளைகள் இல்லை.

கடைசியாக இரண்டு செய்தி. இரண்டையும் படித்த நாளில் என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை.

ரஷ்யாவின் நோவ்கோரோத் நகரில் 1956இல் தொல்லியலாளர்கள் மண்ணுக்கடியிலிருந்து பூர்ச்ச மரப்பட்டைகளை எடுத்தார்கள். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒரு சிறுவனின் வீட்டுப்பாடம்! ஆறேழு வயது இருக்கலாம் என்கிறார்கள். அகரவரிசையின் முதல் சில எழுத்துகளை எழுதியிருக்கிறான். பிறகு சலித்துவிட்டது போலும். குதிரைமேல் ஒரு வீரன், காலடியில் விழுந்த பகைவன், கையில் ஈட்டி. வீரன் யார்? அவனேதான்! பக்கத்தில் தன் பெயரை எழுதிவிட்டான்: ஒன்ஃபிம். இன்னொரு பட்டையில் வினோதமான மிருகம் ஒன்றை வரைந்து, அதுவும் தானே என்று எழுதியிருக்கிறான். அவன் வரைந்த ஆட்களின் கைகள் புல்வாரி போல இருக்கின்றன. ஒரு கையில் மூன்று விரல், இன்னொன்றில் அதைவிட அதிகம். நேற்று உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை வரைந்ததும் அப்படித்தானே இருந்தது? மன்னர்கள் பலரின் பெயர் மறைந்துபோன மண்ணில், வீட்டுப்பாடத்தின் நடுவே படம் போட்ட ஒரு பொடியனின் பெயர் 700 ஆண்டுக்கு மேலாக நிற்கிறது.

இன்னொருவர் ஃபிரீடில் டிக்கர்-பிராண்டைஸ். வியன்னாவில் பிறந்து, புகழ்பெற்ற பௌஹௌஸ் கலைப்பள்ளியில் படித்த ஓவியர். யூதர் என்பதால் 1942 இறுதியில் நாஜிகள் அவரைத் தெரேசின் என்ற சிறைமுகாமுக்கு அனுப்பினார்கள். எடுத்துச் செல்ல அனுமதித்த கொஞ்ச எடைக்குள் அவர் வரைபொருள்களைச் சுமந்துபோனார். பெற்றோரைப் பிரிந்து, பசியில் கிடந்த முகாம் பிள்ளைகளுக்கு ரகசியமாக ஓவிய வகுப்பு நடத்தினார். பழைய அலுவலகப் படிவங்களின் பின்பக்கம், பொட்டலத்தாள், கிடைத்த துண்டுத்தாள்தான் ஏடு. பிள்ளைகள் பூ வரைந்தார்கள், பட்டாம்பூச்சி வரைந்தார்கள், விட்டுவந்த வீட்டை வரைந்தார்கள். மனிதர்களை எண்களாக்கிய அந்த இடத்தில், படத்தில் உன் பெயரை எழுது என்று ஒவ்வொரு குழந்தையிடமும் அவர் கேட்டுக்கொண்டார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார். போகுமுன் இரண்டு பெட்டிகளில் படங்களை அடுக்கிப் பத்திரப்படுத்திவிட்டுப் போனார். சுமார் 4,500 படங்கள்! வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. படங்கள் பிழைத்தன. பிராக் நகர யூத அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன, மூலையில் பெயரோடு.

பயிற்சி ஆசிரியரே, நாளைக்கு மஞ்சள் தாளோ வெண்டைக்காய் அச்சோ, எதை வேண்டுமானாலும் வையுங்கள். முடிந்ததும் "இது என்ன?" என்று விசாரிக்காமல், "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள். வண்ணம் காய்ந்தபிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைப் படத்தில் எழுதட்டும். எழுத்து கோணினாலும், துணைக்கால் விட்டுப்போனாலும், நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கீழே தேதியைப் போட மறக்காதீர்கள்.